மேற்கே விட்டுப்போன தேசம்

எங்கள் சிலுவைத்துறையில் கடல் கிழக்கே இருக்கிறது, மற்ற எல்லாம் மேற்கே இருக்கிறது. சூரியன் வருவதும் வள்ளம் வருவதும் மீன் வருவதும் புயல் வருவதும் கிழக்கிலிருந்துதான் என்பதால் பிறந்த பிள்ளையைக்கூடக் கிழக்கே பார்க்கத்தான் தூக்கிக் காட்டுவோம். மேற்கே இருப்பது செம்மணல் மேடான தேரியும் பனையும் பஸ் ரோடும்தான், அவை எங்கே போய்விடப் போகின்றன என்று நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு தேசத்து ஜனம் மொத்தமும் எங்கள் கரையில் வந்து நிலமில்லாமல் நின்றதற்குக் காரணம் எங்கள் ஊர் முழுக்க இருக்கிற இந்தப் புத்திதானே தவிர, பிரிஜித்தா டீச்சரை மட்டும் குற்றம் சொன்னால் அது நியாயமாகாது.

பிரிஜித்தா டீச்சர் ஐஸ் கம்பெனி மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். கீழே ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே சுவரெல்லாம் வேர்த்து வழியும், குளிர் நாட்டுப் பாஷையைக் குளிரில் உட்கார்ந்து படித்தால்தான் ஒட்டும் என்று டீச்சர் சொல்லுவார். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள், கூட்டிக்கொண்டு போகப் புருஷன் லீவில் வருவதற்குக் காத்திருப்பவர்கள் என்று எல்லாரும் அந்த மாடிப்படியில் ஏறித்தான் உலகத்துக்குப் போனார்கள், அதில் டீச்சருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கன்னியாஸ்திரிகளிடம் படித்த இங்கிலீஷ் அவருடையது, இஸ்திரி போட்ட சேலை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். எங்கள் வாயில் வருகிற இங்கிலீஷ் அவருக்கு ஆகவே ஆகாது.

“கருவாட்டு வாடை அடிக்கி. வாயக் கழுவிட்டுத் திரும்பச் சொல்லு” என்பார்.

அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வள்ளக்காரர் சூசை மிக்கேல் மகள் ஜெனோவா பேசுவதையே நிறுத்திவிட்டாள். தூத்துக்குடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள், எழுத்துப் பரீட்சையில் டீச்சரையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள், ஆனால் வாய் திறந்து பேச வேண்டிய பரீட்சையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்து எழுந்து வந்துவிடுவாள். பேச்சுப் பரீட்சை தேறாமல் பிரிட்டனில் ஆஸ்பத்திரி வேலை கிடையாது. அவள் குரல் எப்படியிருக்கும் என்பதே வகுப்பில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது.

பிரிட்டிஷ் மக்களும் அவர்கள் பண்பாடும் என்கிற பாடம் நடந்த அன்று சுவரில் மாட்டியிருந்த மேப்பு ஈரத்தில் ஊறி உரிந்து விழுந்துவிட்டது. டீச்சர் அசரவில்லை, சாக்பீஸை எடுத்துப் போர்டில் மனப்பாடமாகவே வரைந்தார். கிழக்குக் கரையை எங்கள் கரையை வரைவது போலவே வளைவு வளைவாக, முனை முனையாக, ஆறு வந்து விழுகிற இடங்களில் விரலால் லேசாகத் தேய்த்து அழகாக வரைந்தார். மேற்கே வந்ததும் எங்கள் ஊர்க்காரி செய்வதைத்தான் செய்தார், மேலிருந்து கீழே ஒரே கோடு. பக்கத்தில் அயர்லாந்துக்கு ஒரு முட்டை போட்டார். இங்கிலீஷ்காரர், ஸ்காட்லாந்துக்காரர், வேல்ஸ்காரர், வட அயர்லாந்துக்காரர் என்று நாலு ஜனமும் சேர்ந்ததுதான் பிரிட்டிஷ் ஜனம் என்று ராகம் போட்டுச் சொல்லவைத்தார். அவர்கள் வரிசையில் நிற்பார்கள், வாய்க்கு வாய் சாரி சொல்லுவார்கள், பார்த்ததும் மழை வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள், சம்பளம் என்ன, எத்தனை பிள்ளை என்று யாரிடமும் கேட்க மாட்டார்கள், குடையில்லாமல் வெளியே போக மாட்டார்கள் என்று சொல்லிமுடித்த நேரம் ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்து போர்டில் இருந்த சாக்பீஸ் தூசியையெல்லாம் அள்ளிக்கொண்டு கடலுக்குப் போனது.

மறுநாள் விடியக்காலம் வள்ளம் தள்ளப் போனவர்கள் கரைக்கு எதிரே ஒரு தீவு நிற்பதைப் பார்த்தார்கள். சாக்பீஸ் நிறத்தில் செங்குத்தான பாறை, அதன்மேல் பச்சைப் புல், ஒரு மணிக்கூண்டு. அந்தப் பக்கம் சுற்றிப்போய்ப் பார்த்தால் டீச்சர் வரைந்த அதே வளைவுகள், அதே முனைகள். சூசை மிக்கேல் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாறையில வல மாட்டிக்கிடப் போகுது, தெக்கால சுத்திப் போங்கல” என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளினார்.

எங்கள் ஊர் அதிசயங்களை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். முதலில் வலைக்கு ஆபத்தா என்று பார்ப்போம், இல்லையென்றால் பிறகு என்ன, அதுபாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வாரத்துக்குள் தீவுக்காரர்கள் சேவியர் டீக்கடைக்கு வந்து வரிசையில் நின்றார்கள். ஒருவர் மட்டும் வந்த அன்றைக்கும் அவர் தனியாக வரிசை நின்றார், அவருக்குப் பின்னால் நிற்க எங்களுக்கே வெட்கமாகப் போய் நாங்களும் நின்றோம், அதற்குப் பிறகு ரேஷன் கடையில்கூடக் கொஞ்ச நாள் சண்டை இல்லாமல் இருந்தது. அவர்கள் காகத்தின் மேல் இடித்தாலும் சாரி சொன்னார்கள். கொளுத்துகிற வெயிலிலும் குடை பிடித்தார்கள், அதில் மட்டும் எங்கள் பெண்களுக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது. எத்தனை பிள்ளைய, மாசம் என்ன வருது, ஏன் இன்னும் கலியாணம் முடிக்கல்ல என்று நாங்கள் அன்பாக விசாரித்தபோது அவர்கள் முகமெல்லாம் சிவந்துபோய், இன்றைக்குக் காற்று நன்றாக இருக்கிறதல்லவா என்று பேச்சை மாற்றினார்கள். அங்கேதான் வசமாக மாட்டினார்கள். காற்றைப் பற்றிக் கடற்கரைக்காரனிடம் யாராவது வாய் கொடுப்பார்களா? இது கொண்டல், இது வாடை, இது கச்சான், இது கச்சானுக்கும் சோழகத்துக்கும் நடுவே பிறந்தது என்று சூசை மிக்கேல் தொடங்கினால் டீ ஆறிப்போய் இரண்டாவது டீயும் ஆறிப்போகும். அவர்கள் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, தங்களுக்கு இத்தனை காற்று இல்லையே என்று வருத்தப்பட்டார்கள். அன்றைக்கு ஊருக்கே நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று.

டீச்சர் வகுப்பில் பேச்சுப் பழக்கம் மட்டும் இப்போது தீவில் நடந்தது. மாணவர்கள் வள்ளத்தில் போய்ப் பேசிப் பழகிவிட்டு வந்தார்கள். ஜெனோவா மட்டும் வள்ளத்தை விட்டு இறங்கவே இல்லை.

அப்புறம்தான் வேல்ஸ்காரர்கள் வந்தார்கள். அவர்கள் தீவிலிருந்து வரவில்லை, தீவுக்கு அப்பாலிருந்து வட்டப் பரிசல்களில் வந்தார்கள், ஆற்றில் விடுகிற பரிசலைக் கடலில் விடுகிற ஜனத்தை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். பாடிக்கொண்டே வந்தார்கள், ஒருவர் மேலே எடுக்க ஒருவர் கீழே எடுக்க, பாட்டு நாலு பக்கமும் பிரிந்து போய்த் திரும்பவும் ஒன்றாகச் சேர்ந்தது, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் தங்களை அறியாமல் ஏலேலோ போட்டார்கள். கரைக்கு வந்தவர்களை வெறுங்கையோடு விடுவது எங்களுக்கு வழக்கமில்லை, அன்றைக்குப் பிடித்ததில் ஆளுக்குக் கொஞ்சம் குழம்புக்கென்று கறிமீன் எடுத்துக் கொடுத்தோம், புயல் காப்பகத்தைத் திறந்துவிட்டோம். முன்னால் வந்த பெண் பெயர் கெரிஸ். நிறைமாதம். அவள் மீனை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எங்கள் ஊர் எங்கே?”

எல்லாரும் தீவைப் பார்த்தோம். மேற்கே ஒரே கோடாக, கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. பெயரை வகுப்பில் சொன்னதால் ஜனம் வந்துவிட்டது, நிலத்தை வரையாததால் நிலம் வரவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள்கூடத் தங்கள் மேற்குப் பக்கத்துத் தீவுகளைக் காணோம் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்கு நிற்கவாவது இடம் இருந்தது.

டீச்சரிடம் போய்ச் சொன்னோம். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை.

“எங்கிட்ட படிச்சிட்டுப் போன ஒருத்தராவது மேப்பு தப்புன்னு சொன்னாவளா? இந்த வேல்ஸ்காரங்க கொஞ்ச பேருதான, ஒரு ஓரமா தீவுல இருந்துக்கிடட்டும். எல்லாரும் இங்கிலீஷ்தான பேசுதாவ” என்றார்.

தீவில் இடம் கொடுக்க இங்கிலீஷ்காரர்கள் தயாராகத்தான் இருந்தார்கள், சாரி வேறு சொன்னார்கள். கெரிஸ்தான் போகவில்லை. “அது அவர்கள் வீடு. நல்ல வீடுதான். நான் என் வீட்டில் பெற்றுக்கொள்கிறேன்” என்றாள்.

அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஜெனோவாவுக்கு வந்தது, ஊரில் பிரசவம் தெரிந்தவள் அவள்தானே. காப்பகத்துக்குக் காலையும் மாலையும் போனாள். முதல் நாளே அவள் ஒன்றைக் கவனித்தாள்: வேல்ஸ்காரர்கள் நடந்தால் மணலில் கால் பதியவில்லை. நண்டு ஓடினால்கூடத் தடம் விழுகிற ஈர மணலில் அந்த வாட்டசாட்டமான ஆட்கள் நடந்துபோன இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாள் போகப்போக அவர்கள் குரலும் லேசாகியது. கெரிஸின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்துக் கேட்டால் பிள்ளையின் துடிப்பு எங்கோ தூரத்தில், அடுத்த தெருவில் யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்டது. ஜெனோவா யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து அழுதாள்.

கெரிஸிடம் பேசாமல் இருக்க முடியுமா? மருந்து சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும், எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். வேறு வழியில்லாமல் ஜெனோவா வாய் திறந்தாள், திறந்ததும் கையால் பொத்திக்கொண்டாள்.

“ஏன் பொத்துகிறாய்?” என்றாள் கெரிஸ்.

“என் இங்கிலீஷ்ல கருவாட்டு வாடை அடிக்காம்.”

கெரிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “லண்டன்காரர்கள் என் இங்கிலீஷைக் கேட்டால் பேசுகிறாயா பாடுகிறாயா என்பார்கள். எங்கள் முன்னோர் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் பேசின பிள்ளை கழுத்தில் ஒரு கட்டையை மாட்டிவிடுவார்கள். மாட்டியும் பார்த்தார்கள், எங்கள் பாஷை போகவில்லை. வீட்டில் அதைத்தான் பேசுகிறோம். கடைக்குப் போனால் இங்கிலீஷ் பேசுகிறோம், அதையும் எங்கள் மாதிரிதான் பேசுகிறோம்.”

ஜெனோவா பொத்திய கையை எடுத்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை, பிரசவம் பார்க்கப் போனவள் பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள்.

இந்த நேரத்தில் வாடைக்காற்று திரும்பிவிட்டது, கெரிஸுக்கு நாளும் நெருங்கிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஜெனோவா கெரிஸைக் கைப்பிடித்து மாடிப்படி ஏற்றிக் கூட்டிவந்து டீச்சருக்கு முன்னால் நிறுத்தினாள், ஒன்றும் பேசாமல் குழாயை டீச்சர் காதில் மாட்டி மறுமுனையைக் கெரிஸின் வயிற்றில் வைத்தாள். டீச்சர் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார், அவ்வளவு நேரம் கேட்க வேண்டியிருந்தது. குழாயைக் கழற்றியபோது டீச்சர் முகம் வேறு மாதிரி இருந்தது.

செல்போனில் மேப்பைத் திறந்து பார்த்து உடனே வரைந்தார். கோடு நிற்கவில்லை. போடப் போட சாக்பீஸ் மாவாக உதிர்ந்து தரையில் விழுந்தது. திரும்பவும் வரைந்தார், திரும்பவும் உதிர்ந்தது. டீச்சர் கையை உதறிக்கொண்டு நின்றார்.

“மத்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்சு வரைஞ்சேன், நின்னுச்சு. இது தெரியாது எனக்கு. பேரு மட்டுந்தான் தெரியும். அந்தப் பேரத்தான் இத்தன காலமும் பாடம்னு நடத்தியிருக்கேன்” என்றார். பிறகு கெரிஸைப் பார்த்தார். சாரி என்ற வார்த்தையை எங்கள் ஊருக்கு எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தவர், எப்படி உச்சரிக்க வேண்டும் என்று உதட்டைக் குவித்துக் காட்டினவர், தன் வாழ்க்கையில் யாரிடமும் அதைச் சொன்னதாக எங்களுக்கு நினைவில்லை. அன்றைக்குச் சொன்னார். அதில் மடிப்பும் இல்லை, இஸ்திரியும் இல்லை. சுத்தமான எங்கள் ஊர் சாரி.

“யாருக்காவது தெரியுமா? இவங்க நாட்டப் பத்தி யாருக்காவது தெரியுமா?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

கெரிஸ் வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. பெஞ்சுகள் எல்லாம் ஜெனோவா பக்கம் திரும்பின. அவள் தலையைக் குனியவில்லை, கெரிஸின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்று இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். எங்கள் ஊர்ப் பேச்சின் இழுப்பும் குத்தும் அத்தனையும் அதில் இருந்தன, அதனால் அதைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும்:

“கேளுங்க. இவிய நாட்டுல எங்க பாத்தாலும் மல. வடக்க இருக்க மலையில ஒரு கல்லு வெட்டுதாவ, ஏடு ஏடா பிரியும், அதத்தான் கூரைக்குப் போடுதாவ. தெக்க மலைக்குள்ள எறங்கி நெலக்கரி எடுத்தாவ. ஒருத்தன் மேல பாற விழுந்தா ஊரே ஓடும், நம்ம ஊர்ல ஒரு வள்ளம் திரும்பி வரலன்னா ஓடுதோம்லா, அப்படி. மழ பெய்யும், நிக்கும், பெய்யும். மனுசர விட ஆடு சாஸ்தி.”

டீச்சர் கை போர்டில் நகர்ந்தது. கோடு மேற்கே திரும்பியது. உதிரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரையில் யாரோ கடலைக் காட்டிக் கத்தினார்கள்.

“இங்க எப்படி எல்லாரும் பர்னாந்தோ, அங்க எல்லாரும் ஜோன்ஸ். தெருவுல ஜோன்ஸுன்னு கூப்பிட்டா பாதித் தெரு திரும்பிப் பாக்கும். அதனால பால் ஜோன்ஸ், ரொட்டி ஜோன்ஸுன்னுதான் கூப்பிடுவாவ, நாம ஐஸ் கம்பெனி பர்னாந்தோ, டீசல் பர்னாந்தோங்கிற மாதிரி. மார்ச் மாசம் அவிய புனிதருக்குத் திருநாள், அன்னைக்கு வெங்காயத்தாள் மாதிரி ஒண்ணச் சட்டையில குத்திக்கிடுவாவ. ரெண்டு பேரு சேந்தா பேசுவாவ, மூணு பேரு சேந்தா பாட்டுதான். பாஷைய விடச் சொன்னாவ, விடல. பிள்ள பொறந்தா மொதல்ல அந்தப் பாஷையிலதான் கூப்பிடுவாவ.”

ஓரிடத்தில் அவள் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாள், எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, நாங்கள் டீச்சரைப் பார்த்தோம். டீச்சர் திரும்பவே இல்லை. சாக்பீஸை அழுத்திப் பிடித்து, அந்தக் கோடு எங்கே முன்னால் போகிறது, எங்கே உள்ளே குழிகிறது என்று அவள் குரலைக் கேட்டுக் கேட்டு வரைந்துகொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. கடலில் தீவின் மேற்குப் பக்கம் பிளந்து மலை மலையாக எழுந்து வந்தது, ஈரம் சொட்டச் சொட்ட, ஆடுகள் உதறிக்கொண்டு எழுந்து நிற்க, அதன்மேல் மட்டும் மழை பெய்தது.

சூசை மிக்கேலின் வள்ளத்தில்தான் கெரிஸைக் கொண்டுபோனார்கள், பரிசல்கள் பின்னால் வந்தன. ஜெனோவா கூடவே போனாள். இந்தத் தடவை முதலில் இறங்கியதும் அவள்தான். கெரிஸ் காலை வைத்ததும் கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது. அவள் அப்படியே நின்று தன் கால் தடத்தைக் குனிந்து பார்த்தாள், பிறகு இன்னொரு அடி வைத்து அதையும் பார்த்தாள், பின்னால் வந்த அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். பிள்ளை அன்றைக்கே பிறந்தது. பெண். அது போட்ட சத்தம் ஐஸ் கம்பெனி மாடிவரை கேட்டது.

அதற்குப் பிறகு ஜெனோவா பேச்சுப் பரீட்சைக்குப் போனாள். கேள்வி கேட்டவர் உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாராம், இவள் காற்றிலிருந்து ஆரம்பித்தாளாம், நேரம் முடிந்துவிட்டது என்று அவர் சாரி சொல்லி நிறுத்த வேண்டியிருந்ததாம். இப்போது அவள் நிஜமான வேல்ஸில், கடலோரமாக ஓர் ஊரில், பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். எங்கள் தீவு இன்னும் எதிரேதான் நிற்கிறது. டீச்சர் வகுப்பில் இப்போது யாரும் வாயைக் கழுவிவிட்டு வர வேண்டியதில்லை.

போன வாரம் வகுப்பு நடக்கும்போது டீச்சருக்குப் போன் வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். ஜெனோவாவுக்கு மூச்சு வாங்கியது.

“டீச்சர், நேத்து டீ குடிக்கையில கூட வேல பாக்குறவங்க உன் ஊரு எப்படியிருக்கும்னு கேட்டாவ. போர்டுல வரைஞ்சு காட்டி நம்ம ஆளுவளப் பத்திப் பாடமே நடத்திட்டேன். இன்னைக்கு விடியக்காலம் வந்து பாத்தா கடல்ல நம்ம கர தெரியுது டீச்சர். கோயிலு தெரியுது, ஐஸ் கம்பெனி தெரியுது, மாடியில ஜன்னல் தொறந்து கெடக்கு. இந்த ஊர் ஆளுவ படகு எடுத்துக்கிட்டுப் போயி வரிசையா நிக்காவ, நம்ம ஆளுவ அவியளுக்குக் கறிமீன் குடுக்காவ.”

டீச்சர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏட்டி, மேற்க வரைஞ்சியா?”

“மேற்கதான் டீச்சர் மொதல்ல வரைஞ்சேன்” என்றாள் ஜெனோவா. “தேரி முழுசா இருக்கு. பஸ்ஸும் வந்து நிக்கி.”